ஆறு பேர், மூன்று அடுப்பு

போன வருடம் விடுமுறை விருந்துக்கு நாங்கள் சாப்பிட உட்கார்ந்தபோது மணி ஒன்பது பத்து. ஏழரைக்கு என்று எல்லாரிடமும் சொல்லியிருந்தோம். சமைக்க ஆள் இல்லாமல் இல்லை. ஆறு பேர் சமையலறையில் நின்றோம். கோளாறே அங்கேதான். அம்மாவுக்கு ஓய்வு கொடுக்கிறோம் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு, ஆளுக்கு ஒரு பதார்த்தம் என்று ஒரு வாரம் முன்பே பிரித்துக்கொண்டோம். அன்று மாலை ஆறு மணிக்கு ஆறு பேரும் ஆளுக்கொரு பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு அடுப்புக்கு முன்னால் வந்து நின்றோம். அடுப்பில் இருப்பதோ மூன்று பர்னர்.

பருப்பு சூப்புக்கு அன்று மூன்று பேர் உப்பு போட்டிருக்கிறோம். அக்கா போட்டாள். அக்கா மறந்திருப்பாள் என்று அம்மா போட்டாள். இருவரையும் பார்க்காத தம்பி, ருசி பார்க்காமலேயே, தன் பங்குக்கு ஒரு கை அள்ளிப் போட்டான். உருளைக்கிழங்கை வெட்டிப் போட்டால் உப்பை இழுத்துக்கொள்ளும் என்று யாரோ சொல்ல, அதையும் செய்து பார்த்தோம். கிழங்கு உப்பு நீரைத்தான் குடிக்கும், உப்பை மட்டும் பிரித்து எடுக்காது. மிச்சம் இருக்கிற சூப் அதே கரிப்போடுதான் இருக்கும். தண்ணீரும் உப்பில்லாத வேகவைத்த பருப்பும் சேர்த்துப் பெருக்கியதுதான் கடைசியில் காப்பாற்றியது. பன்னிரண்டு பேருக்கு வைத்த சூப் இருபது பேருக்கு ஆனது.

இந்த வருடம் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். அதைப் பற்றிய பதிவு இது. எல்லாம் சரியாக நடந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஏழு ஐம்பதுக்குச் சாப்பிட்டோம்.

முதலில் செய்தது ஒரு தாள், ஒரு பென்சில். பதார்த்தப் பட்டியல் எழுதவில்லை. தாளில் ஐந்து பத்தி போட்டேன்: பெரிய பர்னர், சின்ன பர்னர் ஒன்று, சின்ன பர்னர் இரண்டு, ஓவன், கெட்டில். இடது ஓரத்தில் கால் மணிக்கு ஒரு வரி. நேரத்தை மேலிருந்து கீழே எழுதினாலும், நிரப்புவதைக் கீழிருந்து தொடங்கினேன். ஏழரைக்குச் சாப்பாடு என்றால் ஏழே காலுக்கு அடுப்பில் என்ன இருக்க வேண்டும், அதற்கு முன்னால் என்ன என்று பின்னோக்கிப் போனேன். யார் எதைச் செய்வது என்பதைக் கடைசியில்தான் எழுதினேன்.

இரண்டு மணி நேரம் கிறுக்கியதில் போன வருடத்துக் குற்றவாளி பிடிபட்டது. மாலை ஐந்தே முக்காலிலிருந்து ஏழே கால் வரை, பெரிய பர்னர் கட்டத்தில் நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள்: சோறு, கிழங்கு வேகவைக்கும் தண்ணீர், வெங்காயம், சூப். ஓவன் கட்டத்தில் கோழியும் கிழங்கும் ஒன்றன் மேல் ஒன்று. காலை பத்து மணிக்கோ எல்லாக் கட்டமும் காலி. ஆட்களைக் கூட்டினால் இது தீராது. வேலையைத்தான் நகர்த்த வேண்டும். சூடுபடுத்தினால் கெடாத எல்லாவற்றையும் முந்தின நாளுக்குத் தள்ளினேன்: வெங்காயம் வதக்குவது, சூப். கஸ்டர்டையும் தள்ளினேன். அக்கா அதை ரப்பரால் அழித்து, அதே நாள் மாலை ஐந்தே முக்காலில் எழுதினாள். "கஸ்டர்டு அன்னிக்கே பண்ணாதான்டா நல்லா இருக்கும்." அக்காவிடம் வாதாடிப் பழக்கமில்லை.

அப்புறம் ஓவன். கோழி எப்போதும் சொன்ன நேரத்தில் வேகாமல் அரை மணி இழுக்கும். ஓவன் பழசு என்று எல்லாருமே விட்டுவிட்டோம். ஒரு வாரம் முன்பு, உள்ளே வைக்கும் வெப்பமானி ஒன்று வாங்கி நடுத் தட்டில் தொங்கவிட்டேன். திருகை 190-ல் வைத்து இருபத்தைந்து நிமிடம் கழித்துப் பார்த்தால் 162. ஓவனின் சூடு ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும் என்பதால் ஒரு தடவை பார்த்து முடிவு கட்டக் கூடாது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மூன்று தடவை பார்த்தேன்: 162, 168, 160. ஆக, குறைந்தது இருபது டிகிரி எங்கேயோ போகிறது.

எங்கே என்று கண்டுபிடிக்க ஒரு துண்டுத் தாள் போதும். ஓவனை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, நன்றாக ஆறிய பிறகு கதவின் விளிம்பில் தாளை வைத்து மூட வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நுனியை இழுத்தால் லேசாகப் பிடிக்க வேண்டும். கதவைச் சுற்றி ஒவ்வொரு இடமாகச் செய்துகொண்டே வந்தேன். வலது கீழ் மூலையில் தாள் வெண்ணெயில் கத்தி போல வழுக்கிக்கொண்டு வந்தது. குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தால், கதவைச் சுற்றியிருக்கும் பட்டையின் பின்னால் உள்ள சின்னக் கம்பிக் கொக்கி அதன் துளையிலிருந்து கழன்று, பட்டை உள்ளே மடங்கிக் கிடந்தது. மடிப்பில் பல வருட எண்ணெய்ப் பிசுக்கு. வெந்நீரில் சோப்பு கலந்து துணியால் துடைத்தேன். பட்டையைத் தேய்க்கக் கூடாது, நார் பிரிந்துவிடும். கொக்கியை விரலால் அழுத்தித் துளையில் மாட்டினேன். "டக்" என்று ஒரு சத்தம். அவ்வளவுதான் ரிப்பேர். எத்தனை வருடமாக இந்த ஒரு கொக்கிக்காகத் தாமதமாகச் சாப்பிட்டோமோ தெரியவில்லை. மறுபடி சோதித்தபோது 190-க்கு 181 காட்டியது. மிச்சம் ஒன்பது டிகிரிக்குத் திருகையே 200-ல் வைப்பது என்று தாளில் எழுதிவிட்டேன்.

கோழி இரண்டு, ஒவ்வொன்றும் 1.8 கிலோ, உறைந்தவை. இரண்டு கிலோவுக்கு ஒரு முழு நாள் என்பது ஃபிரிட்ஜுக்குள் உறை இளகும் கணக்கு. அதோடு உப்பு ஊற ஒரு இரவு வேண்டும். அதனால் இரண்டு நாள் முன்பே, நீர் சொட்டி மற்றதில் படாதபடி ஆழமான தட்டில் வைத்துக் கீழ்த் தட்டுக்கு மாற்றினேன். வெளியே வைத்தால் சீக்கிரம் இளகும்தான். ஆனால் உள்ளே பனிக்கட்டியாக இருக்கும்போதே மேல்தோல் அறைச் சூட்டுக்கு வந்துவிடும். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில்தான் கிருமிகள் சுகமாகப் பெருகும்.

இளகியதும் அத்தான் கோழியைக் குழாயடிக்கு எடுத்துப் போனார். கழுவ வேண்டாம் என்றேன். "கழுவாமயா? என்னப்பா சொல்ற?" என்று என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். குழாய் நீர் பட்டுத் தெறிக்கும் துளிகள் தொட்டியைச் சுற்றிப் பரவும், பக்கத்திலேயே பச்சையாகச் சாப்பிடப் போகிற காய்கறி இருக்கிறது, கோழியில் இருக்கும் கிருமி ஓவன் சூட்டில்தான் சாகும் என்று சொன்னேன். நம்பவில்லை. "சரி, உன் இஷ்டம்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் காகிதத் துண்டால் ஒற்றி ஈரம் எடுத்தார். கிலோவுக்கு பத்து கிராம் கணக்கில் ஒவ்வொன்றுக்கும் பதினெட்டு கிராம் உப்பைத் தராசில் நிறுத்து, உள்ளும் புறமும் தடவி, மூடாமல் ஒரு இரவு ஃபிரிட்ஜில் வைத்தோம். உப்பு முதலில் நீரை வெளியே இழுக்கும். அந்த உப்பு நீரையே இறைச்சி திரும்பக் குடிக்கும். மூடாததால் தோல் காகிதம் மாதிரி உலர்ந்துவிடும். தோலில் ஈரம் இருக்கிற வரை சூடு நூறு டிகிரியைத் தாண்டாது, நிறமும் வராது. அதனால்தான் இந்த உலர்த்தல்.

முந்தின நாள் பெரிய வேலை வெங்காயம். இரண்டு கிலோ. அதற்கு முன் கத்திகள். எங்கள் வீட்டில் நான்கு கத்தி இருக்கிறது, நான்கும் தக்காளியை நசுக்கும். சாணைக்கல் தேடியதில் கிடைக்கவில்லை. பீங்கான் கோப்பையைக் கவிழ்த்தால் அடியில் மெருகில்லாத சொரசொரப்பான வளையம் தெரியும், அது போதும். கோப்பைக்குக் கீழே ஈரத் துணி போட்டு, கத்தியைச் சுமார் இருபது டிகிரி சாய்த்து, பக்கத்துக்கு இருபது இழுப்பு, பிறகு பத்து, பிறகு ஐந்து. சாய்வு மாறாமல் இருப்பதுதான் முக்கியம், அழுத்தம் வேண்டியதில்லை. வளையத்தில் கறுப்புக் கோடு படிந்தால் இரும்பு தேய்கிறது என்று அர்த்தம். தக்காளித் தோலில் கத்தியைச் சும்மா வைத்து இழுத்தேன், இறங்கியது.

கூர்மையான கத்தியால் வெங்காயம் நறுக்கினால் கண்ணீர் குறையும் என்பது உண்மைதான். மொட்டைக் கத்தி செல்களை நசுக்கும். நசுங்கும்போதுதான் அந்த எரிச்சல் வாயு கிளம்பும். தம்பி மனைவி வெங்காயத்தை முக்கால் மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து எடுத்தாள். குளிர்ந்தால் வாயு இன்னும் குறையும். இரண்டு கிலோவில் அவள் ஒருமுறைதான் கண்ணைத் துடைத்தாள், அதுவும் தம்பி சொன்ன ஏதோ ஒரு ஜோக்குக்காக.

வதக்கும்போது ஒரே வாணலியில் இரண்டு கிலோவையும் கொட்டப் பார்த்தாள். நான் தடுக்க வாயெடுப்பதற்குள் அம்மா தடுத்தாள். "அவ்ளோவும் ஒண்ணாப் போட்டா வெந்துதான் போகும், வதங்காது." சரிதான். வெங்காயம் நெருக்கிக்கொண்டு கிடந்தால் அதிலிருந்து வரும் நீர் ஆவியாக வழியில்லாமல் அதிலேயே அவிந்துவிடும். இரண்டு அகன்ற வாணலியில் பிரித்து, ஒரு சிட்டிகை உப்பு போட்டு, மிதமான தீயில் ஐம்பது நிமிடம். அடி பிடித்த இடத்தில் ஒரு மேசைக்கரண்டி தண்ணீர் விட்டுச் சுரண்டினால் அந்தப் பழுப்பு முழுக்க வெங்காயத்துக்கே திரும்பி வரும். பத்து நிமிடத்தில் வதங்கிவிடும் என்று எழுதுகிறவர்கள் எந்த அடுப்பில் வதக்குகிறார்களோ. இரண்டு கிலோ கடைசியில் ஒரு சின்னக் கிண்ணத்துக்குள் அடங்கிப் போனது. சூடாக இருக்கும்போதே அகலத் தட்டில் பரப்பி, ஆறியதும் டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்தோம். பருப்பு சூப்பையும் அப்படியே நான்கு ஆழமில்லாத பாத்திரங்களில் பிரித்துத்தான் ஆற வைத்தோம். பெரிய அண்டாவில் விட்டால் மேலே ஆறியிருக்கும், நடுவில் மணிக்கணக்காக வெதுவெதுவென்று இருக்கும். இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜுக்குப் போய்விட வேண்டும் என்பது எங்கள் கணக்கு.

சூப் பாத்திரத்தின் மேல் அக்கா மகள் ஒரு தாள் ஒட்டினாள்: "உப்பு போட்டாச்சு. பாட்டி மட்டும்." அவளுக்குப் பதினொரு வயது. உப்பு ஒரே ஒரு கைதான் போடும், அது அம்மாவின் கை என்பது இந்த வருடத்துச் சட்டம். அம்மாவை உட்கார வைப்பதற்காகச் செய்த ஏற்பாடு என்று முதலில் நினைத்தோம். உண்மையில் அவள் இல்லாமல் யாருக்கும் அளவு தெரியவில்லை.

அன்று மாலை நடந்ததை மணிக்கணக்கோடு சொல்கிறேன்.

நாலே முக்காலுக்குக் கோழி இரண்டும் ஓவனில். கணக்கு: கிலோவுக்கு 45 நிமிடம், மேற்கொண்டு 20. 1.8 கிலோவுக்கு 101 நிமிடம் வருகிறது. இரண்டு கோழி அருகருகே இருப்பதால் காற்று சுற்ற இடம் குறைவு. ஆறே முக்கால் வரை, இரண்டு மணி நேரம் என்று கட்டம் ஒதுக்கினேன். இரண்டையும் பக்கத்துக்கு இரண்டு விரல் இடைவெளி விட்டு, கால் பக்கம் உள்ளே இருக்கும்படி வைத்தோம். ஓவனின் பின்பக்கம்தான் சூடு அதிகம், காலுக்குத்தான் வேக நேரம் அதிகம்.

ஐந்தே காலுக்குக் கிழங்குத் தண்ணீர். இங்கே கெட்டில் பத்தி எழுதியதன் பலன் தெரிந்தது. ஆறு லிட்டர் தண்ணீரைப் பெரிய பர்னரில் மூடி போட்டுக் கொதிக்க வைத்தால் எங்கள் அடுப்பில் இருபத்தேழு நிமிடம், முன்னாடியே கடிகாரம் வைத்துப் பார்த்திருந்தேன். கெட்டிலோ ஒன்றரை லிட்டரை ஆறு நிமிடத்தில் கொதிக்க வைக்கும். பாதியைப் பாத்திரத்தில் வைத்து, மீதியைக் கெட்டிலில் இரண்டு தடவை காய்ச்சி ஊற்றினால் பதினைந்து நிமிடத்துக்குள் வேலை முடிகிறது. இரண்டரைக் கிலோ கிழங்கு, ஒன்றரைத் தேக்கரண்டி சமையல் சோடா. சோடா கிழங்கின் ஓரத்தை மாவாகக் கரைத்துச் சொரசொரப்பாக்கும். அந்தச் சொரசொரப்புதான் ஓவனில் மொறுமொறுப்பாகும். வடித்த பிறகு பாத்திரத்தை மூடிக் குலுக்கும் வேலை தம்பிக்கு. கிழங்கு கூழாகிவிடும் என்று பயந்து குழந்தையைத் தாலாட்டுகிற மாதிரி ஆட்டினான். அம்மா பிடுங்கி நாலு குலுக்கு குலுக்கிக் கொடுத்தாள்.

ஐந்து ஐம்பதுக்கு விபத்து. தம்பி மனைவி மைக்ரோவேவில் சூப்பைச் சூடாக்கினாள். அக்கா மகள் கெட்டிலைப் போட்டாள். அத்தான் மிக்ஸியில் சாலடுக்கு எதையோ அரைத்தார். ஓவன் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு மூன்று நிமிடம் ஒன்றும் ஆகவில்லை, பிறகு எல்லாம் ஒரே நேரத்தில் நின்றது. எங்கள் சமையலறை பிளக்குகள் எல்லாம் ஒரே 16 ஆம்பியர் பிரேக்கரில். 230 வோல்ட் என்றால் 3680 வாட். ஓவன் 2000, கெட்டில் 1500, மைக்ரோவேவ் 1300, மிக்ஸி 750. கூட்டினால் 5550. ஒன்றரை மடங்கு பாரம். பிரேக்கர் உடனே விழாது, உள்ளே பட்டை சூடேறி வளைகிற வரை தாங்கும். அதனால் எது கடைசியில் போட்டது என்று பழி சுமத்தவும் முடியாது, நான்கு பேருக்கும் பங்கு உண்டு.

மிக்ஸியையும் மைக்ரோவேவையும் அணைத்துவிட்டு பிரேக்கரைத் தூக்கினோம். கெட்டில் ஓடியது. எல்லாரும் வேலைக்குத் திரும்பினோம். ஓவன் ஓடவில்லை என்பதை ஆறே காலுக்குத்தான் அத்தான் கண்டுபிடித்தார். மின்சாரம் போய் வந்தால் எங்கள் ஓவனில் கடிகாரத்தைத் திருத்தினால்தான் மறுபடி சூடேறும். கடிகாரம் 0:00 என்று இருபத்தைந்து நிமிடமாகக் கண் சிமிட்டிக்கொண்டிருந்திருக்கிறது, அதற்கு முன்னால் ஏழு பேர் நடமாடிக்கொண்டிருந்தோம்.

அப்போது உருவானதுதான் கரண்டிச் சட்டம். நீளமான ஒரு மரக்கரண்டியின் காம்பில் சிவப்பு நூல் கட்டினோம். ஓவன் ஓடும்போது கெட்டில், மைக்ரோவேவ், மிக்ஸி மூன்றில் எதைப் போடுவதாக இருந்தாலும் அந்தக் கரண்டி கையில் இருக்க வேண்டும். ஒரே கரண்டி, அதனால் ஒரே கருவி. காவல் அக்கா மகள். அவளுக்குப் போலீஸ் வேலை மிகவும் பிடித்துப்போனது. சோற்றுக்குத் தண்ணீர் கொதிக்க வைக்கக் கரண்டி கேட்ட என்னிடம் "எத்தனை நிமிஷம் மாமா?" என்று கேட்டு எழுதிக்கொண்டாள்.

சோறு இந்தத் தடவை குழையவில்லை. இதில் ஒரு கணக்கு இருக்கிறது, எனக்கே தாமதமாகத்தான் புரிந்தது. அரைக் கிலோ அரிசிக்கு எங்கள் பாத்திரத்தில் 800 மில்லி சரியாக இருக்கும். ஒரு கிலோவுக்கு 1600 என்று இரட்டித்தால் குழைந்துவிடும். அரிசி குடிப்பது கிட்டத்தட்ட தன் எடை அளவுத் தண்ணீர்தான், மிச்சம் ஆவியாகிப் போவது. அரிசியை இரட்டித்தால் குடிப்பது இரட்டிக்கும்; ஆவியாவதோ பாத்திரத்தின் வாயையும் மூடியையும் பொறுத்தது, அது இரட்டிக்காது. 1350 ஊற்றினேன். தண்ணீர் வற்றியதும் தீயை அணைத்து, மூடியைத் திறக்காமல் பத்து நிமிடம். திறந்து பார்க்கத் துடித்த தம்பியின் கையில் பீன்ஸ் கூடையைக் கொடுத்தேன். கடைசியில் அந்தப் பழுப்பு வெங்காயத்தில் பாதியைக் கிளறியதும் சமையலறைக்கே வேறு வாசனை வந்தது.

ஆறே முக்காலுக்குக் கோழியின் தொடையில், எலும்பில் படாமல், வெப்பமானியைக் குத்தினேன். 66. வேண்டியது 74. ஓவன் தூங்கிய இருபத்தைந்து நிமிடத்தின் விலை அது. கிழங்கு தட்டில் எண்ணெய் தடவிக்கொண்டு வரிசையில் நின்றது. மூன்று பேர் "போதும்டா, எடுத்துடலாம்" என்றார்கள். எடுக்கவில்லை. தோல் நிறத்தைப் பார்த்து முடிவு செய்கிற காலம் போய்விட்டது. அத்தான்தான் எனக்கு ஆதரவாக நின்றார்: "கழுவாத கோழி, நல்லா வேகட்டும்."

அதே நேரம் சின்ன பர்னரில் அக்காவின் கஸ்டர்டு. ஐந்தே முக்காலுக்கு எழுதியிருந்தது பிரேக்கர் கலவரத்தில் ஒரு மணி நேரம் தள்ளிப்போயிருந்தது. எட்டு மஞ்சள் கரு, ஒரு லிட்டர் பால், மாவு ஏதும் இல்லாத சுத்தமான கஸ்டர்டு. இது 80 டிகிரி வாக்கில் கெட்டியாகும். 85-ஐத் தொட்டால் முட்டை திரிந்துவிடும். நடுவில் இருப்பது நாலைந்து டிகிரிதான். கிண்டிக்கொண்டே இருந்தாள். கரண்டியின் பின்புறத்தில் படிந்து, விரலால் கோடு இழுத்தால் கோடு நிற்கிற பதம் வருகிற நேரத்தில், வடிகட்டி எங்கே என்று யாரோ கேட்டார்கள். திரும்பிப் பதில் சொன்னாள். திரும்பி வந்தபோது அடியிலிருந்து சின்னச் சின்ன மணிகளாக மேலே வந்துகொண்டிருந்தது. கேட்டது நான்தான்.

திரிய ஆரம்பித்த கஸ்டர்டுக்கு வைத்தியம் உண்டு, ஆனால் ஒரு நிமிடத்துக்குள் செய்ய வேண்டும். சூடான பாத்திரத்திலேயே விட்டால் தீயை அணைத்தாலும் திரிவது நிற்காது. உடனே குளிர்ந்த பாத்திரத்துக்கு மாற்றி, மிக்ஸியில் இரண்டு சுற்று சுற்றினால் மணிகள் உடைந்து ஓரளவு வழவழப்பாகும். அக்கா பாத்திரத்தை மாற்றிவிட்டு மிக்ஸிக்கு ஓடினாள். காவலர் குறுக்கே நின்றாள்.

"அம்மா, கரண்டி?"

கரண்டி இல்லை. கெட்டிலுக்குப் பக்கத்தில் வைத்த இடத்தில் இல்லை. மைக்ரோவேவ் மேல் இல்லை. தொட்டியில் இல்லை. ஓவன் ஓடிக்கொண்டிருந்தது, கெட்டிலும் மைக்ரோவேவும் அணைந்திருப்பது கண்ணுக்குத் தெரிந்தது. அந்தப் பெண் அசையவில்லை. கரண்டி இல்லாமல் மிக்ஸி கிடையாது. சட்டம் போட்டது நாங்கள்தானே. அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு, நான் தேடிக்கொண்டிருந்த அதே வடிகட்டியை என் கையிலிருந்து பிடுங்கி, கஸ்டர்டை அதில் ஊற்றி அகப்பையால் தேய்த்துத் தேய்த்து இறக்கினாள். வடிகட்டியில் கால் கிண்ணம் முட்டைத் துருவல் தங்கியது. கீழே இறங்கியது நன்றாகவே இருந்தது, கொஞ்சம் நீர்த்திருந்தாலும். பழத்துண்டுகளின் மேல் ஊற்றியபோது யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நானும் முந்தின நாள் கட்டத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

ஏழு மணிக்குத் தொடை 75. கோழி வெளியே வந்து அலுமினியத் தாளை லேசாகப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தது, ஓவன் 220-க்கு ஏறியது, கிழங்கு உள்ளே போனது. கோழி அரை மணிக்கு மேல் காத்திருப்பதில் கேடில்லை. உள்ளே சாறு கொஞ்சம் கெட்டியாகும், வெட்டும்போது பலகையில் ஓடாது. முழுக்கோழி அவ்வளவு சீக்கிரம் ஆறவும் ஆறாது. கிழங்குக்கு நாற்பத்தைந்து நிமிடம். தட்டில் வழிந்திருந்த கோழிச் சாற்றை அம்மா தன் வெங்காய கிரேவியில் சேர்த்தாள். உப்பு பார்த்தாள். போடவில்லை, சாற்றிலேயே இருந்தது.

கைமாற்றம் மட்டும் கடைசி வரை தடுமாறியது. "நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போகிறவர் எதைப் பார்த்துக்கொள்கிறார் என்று சொல்வதில்லை. பீன்ஸ் அப்படித்தான் தீய்ந்தது. தம்பி அதை அத்தானிடம் ஒப்படைத்ததாக நினைத்தான், அத்தான் தன்னிடம் சொன்னது சாலடைப் பற்றி என்று நினைத்தார். ஒரு கிலோ பீன்ஸில் பாதி தேறியது. அதன் பிறகு பர்னரைச் சொல்லி ஒப்படைத்தோம்: "ரெண்டாவது அடுப்பு உங்ககிட்ட அத்தான்." அவர் "ரெண்டாவது அடுப்பு என்கிட்ட" என்று திருப்பிச் சொல்ல வேண்டும். முதல் தடவை கேலி செய்தார்கள். மூன்றாவது தடவை யாரும் சிரிக்கவில்லை.

ஏழு ஐம்பதுக்கு உட்கார்ந்தோம். கிழங்குதான் முதலில் தீர்ந்தது.

என் தாளில் ஒரு பத்தி விட்டுப்போயிருந்தது: பாத்திரம் தேய்ப்பது. பத்தரை மணிக்கு நானும் அத்தானும் தொட்டி முன்னால் நின்றோம். பீன்ஸ் வாணலியில் சமையல் சோடா தூவி வெந்நீர் ஊற்றி ஊறவைத்தோம். கோழி எலும்புகளைப் பெரிய பாத்திரத்தில் போட்டுச் சின்ன பர்னரில் வைத்தாள் தம்பி மனைவி. அந்த நேரத்தில் மூன்று பர்னரும் காலி, யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

சிவப்பு நூல் முதலில் கிடைத்தது, ஜன்னல் திட்டில், அழகாகச் சுருட்டி வைத்திருந்தது. கரண்டி கடைசியில்தான் வந்தது, கிரேவிப் பாத்திரத்தின் அடியிலிருந்து, பாதிக் காம்பு வரை பழுப்பேறி. அக்கா மகள் அதை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து பாட்டியிடம் கொண்டுபோய்க் காட்டினாள்.

"நூல் குழம்புல விழுந்துடும்னு கழட்டி வச்சேன்" என்றாள் அம்மா. "கரண்டின்னா கிண்டறதுக்குத்தானேடி?"